நீராவி வழியே அகச்சிவப்புக் கதிர்: கணக்கில் உதவி தேவை

வணக்கம். யாழ்ப்பாணத்தில் முகிலற்ற இரவில் வானம் நிலத்துக்கு அனுப்பும் அகச்சிவப்புக் கதிரைக் கணிக்க, பைத்தனில் ஒரு நிரல் எழுதுகிறேன். மூலக்கூறுகள் எந்தெந்த அலைநீளத்தில் கதிரை உறிஞ்சும் என்று பட்டியலிடும் ஹிட்ரான் தரவுத்தளத்தின் நீராவிக் கோடுகளை, படைக்குப் படை அமுக்கத்துக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப வோய்ட் வடிவில் (மூலக்கூறு மோதலையும் வெப்ப அசைவையும் சேர்த்துக் கொள்ளும் கோட்டு வடிவம்) அகலப்படுத்துகிறேன். நீராவி வலுவாக உறிஞ்சும் 6.3 மைக்ரோமீற்றர்ப் பட்டையில் விடை சரியாக வருகிறது.

சிக்கல், வளிமண்டலம் கதிரைப் பெரும்பாலும் ஊடுருவ விடும் 8 முதல் 12 மைக்ரோமீற்றர் வரையான சாளரத்தில்தான். அங்கே வலுவான கோடுகள் குறைவு; மெல்லிய தொடர் உறிஞ்சலே முக்கியம். அதில் நீராவி மூலக்கூறுகள் தங்களுக்குள் உண்டாக்கும் பங்கு ஆவியமுக்கத்தின் வர்க்கத்தோடு கூடும். குளிர்நாட்டில் சிறு திருத்தமாக இருப்பது, கடல் சூழ்ந்த எங்கள் குடாநாட்டில் பெரிய எண்ணாகிவிடும். அதை விட்டுவிட்டு வரும் விடையை நான் நம்ப மாட்டேன்.

ஒவ்வொரு கோட்டையும் அதன் மையத்திலிருந்து சென்ரிமீற்றருக்கு 25 அலைகள் தள்ளி வெட்டி, அந்தத் தொடர் உறிஞ்சலைத் தரும் எம்டி சிகேடி மாதிரியைச் சேர்க்கிறேன். அந்த வெட்டு விளிம்பில் உள்ள பெறுமானத்தைக் கோடு முழுவதிலும் கழிக்க வேண்டுமா? கழிக்காவிட்டால் ஒரே உறிஞ்சலை இருமுறை எண்ணுவதாகத் தோன்றுகிறது.

அப்புறம், ஈரப்பதத்தின் உயரவாரித் தரவுக்குக் காரைக்கால் பலூன் அளவீடு நல்லதா, ஈஆர்ஏ5 என்னும் ஐரோப்பிய வானிலை மறுபகுப்பாய்வுத் தரவு போதுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். நிரலைக் கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.