குன்னூர்: ஓனர் மெயின்டனன்ஸ் கட்டாததற்கு எங்கள் வீட்டுத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். வாடகைக்கு இருப்பவர் என்ன செய்யலாம்?

குன்னூர்க் குடித்தனக்காரன்

வணக்கம். அப்பர் குன்னூர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் பெங்களூரில். வாடகை 14,000, மெயின்டனன்ஸும் அதிலேயே அடக்கம் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. மாதம் தவறாமல் ஜிபேயில் அனுப்பிவிடுகிறேன். ஆனால் அவர் அசோசியேஷனுக்கு நெடுநாளாகப் பணமே கட்டவில்லையாம். போன வாரம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு இறங்கும் குழாயின் வால்வை மூடி, கைப்பிடியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கீழே சம்ப்பில் மொண்டு குடத்தில் தூக்குகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, இந்தக் குளிரில் அவர் படி ஏறி இறங்குவதைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்காரரிடம் கேட்டால், "கஷ்டமா இருந்தா மார்ச்சுக்குள்ள காலி பண்ணிக்கோங்க" என்கிறார். சீசனுக்கு நாள் வாடகைக்கு விடப் பார்க்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

இன்னொன்று. படுக்கையறையின் வெளிச்சுவர் ஐப்பசி மழையில் ஓதம் ஏறி, பெயின்ட் பொரிந்து, கட்டிலுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. அதற்கான செலவை அட்வான்ஸில் பிடிப்பாராம்.

ஒப்பந்தம் 11 மாதத்துக்கு, வரும் ஆகஸ்ட் வரை இருக்கிறது. ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட்டதோடு சரி, எங்கும் பதிவு செய்யவில்லை. எங்களுக்கு ஏதாவது பிடிமானம் உண்டா?

கோத்தகிரி பெரியவர்

உண்டு தம்பி. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, துப்புரவு போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரரோ அவர் சார்பில் வீட்டைப் பார்த்துக்கொள்பவரோ நிறுத்தக் கூடாது, வேறு ஆளை வைத்து நிறுத்துவதும் கூடாது என்று அதில் நேரடியாகவே இருக்கிறது. மனுவை வாடகை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். துணை ஆட்சியர் தரத்துக்குக் குறையாத அதிகாரி அவர். குன்னூர் கோட்டாட்சியர் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். முழு விசாரணை முடியும்வரை காத்திருக்காமல், முதலில் தண்ணீரைத் திறக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருக்கிறது. மனுவின் முதல் வரியிலேயே அதைக் கேளுங்கள்.

வாடகையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால் அதுவே உங்களை வெளியேற்றக் காரணமாகிவிடும். கோபத்தில் பலர் செய்வது அதைத்தான், வருத்தமாக இருக்கிறது.

ஊட்டி வக்கீல் ஆபீஸ்

பெரியவர் சொன்னது சரி. பதிவு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. 11 மாதம் என்று போட்டால் பதிவே வேண்டாம் என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்குத்தான். வாடகைச் சட்டப்படி எந்தக் கால அளவுக்கான ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பதிவாகாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்கக் கூடாது என்று பிற்பாடு ஒரு பிரிவும் சேர்த்தார்கள். ஆனால் இருவரும் சேர்ந்து வரவில்லை என்றால் வாடகைதாரர் தனியாகவும் விவரங்களைத் தாக்கல் செய்யலாம். இதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. முதலில் அதைச் செய்யுங்கள். ஜிபே வரவுகள், வீட்டுக்காரரின் வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அச்செடுத்து வையுங்கள்.

அடுத்தது, சட்டத்தின் வாசகம் வீட்டுக்காரரையும் அவருடைய மேலாளரையும்தான் சொல்கிறது, அசோசியேஷனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அதனால் முதல் எதிர்மனுதாரராக வீட்டுக்காரரைப் போடுங்கள். மெயின்டனன்ஸையும் உங்களிடம் வாங்கிக்கொண்டு கட்டாமல் விட்டவர் அவர். அவர் கட்டாததால்தான் குழாய் மூடப்பட்டது. அசோசியேஷனை அடுத்ததாகச் சேருங்கள்.

ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது "காலி பண்ணு" என்று போனில் சொல்வதற்கு மதிப்பில்லை. வெளியேற்ற வேண்டுமானால் வாடகை நீதிமன்றத்துக்குப் போய், சட்டத்தில் சொன்ன காரணம் ஒன்றைக் காட்ட வேண்டும். சீசன் வருமானம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஆகஸ்டில் காலம் முடிந்ததும் எழுத்தில் புதுப்பிக்காமல் அப்படியே தங்கிவிடாதீர்கள். அப்போது இரட்டை வாடகை வரை கேட்க அவருக்கு வழி இருக்கிறது.

கொடைக்கானல் செக்ரட்டரி

நானும் ஓர் அசோசியேஷனின் செயலாளர்தான், எங்கள் தரப்பையும் கேளுங்கள். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் சென்னை, மதுரை. வருடத்தில் சில நாள் வந்து போவார்கள், பணம் கேட்டால் போனை எடுக்க மாட்டார்கள். கோடையில் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கித்தான் தொட்டியை நிரப்புகிறோம். கட்டாதவருக்கும் சேர்த்து மற்றவர்கள் எத்தனை நாள் சுமப்பது?

ஊட்டி வக்கீல் ஆபீஸ்

உங்கள் நெருக்கடி நியாயமானது சார். ஆனால் கடன்பட்டவர் சொந்தக்காரர்; தண்ணீர் இல்லாமல் தவிப்பது வேறு குடும்பம். பைலாவில், அதாவது சங்க விதிகளில், உள்ளபடி வட்டியோடு நோட்டீஸ் கொடுங்கள், உரிமையியல் நீதிமன்றத்தில் வசூல் வழக்குப் போடுங்கள். சங்கம் 2022ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி முறையாகப் பதிவாகியிருந்தால் உங்கள் கை ஓங்கும். வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின் இணைப்பை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. அடிப்படை வசதியை நீதிமன்றங்கள் எப்படிப் பார்க்கின்றன என்பது அதிலேயே தெரிகிறது.

வெலிங்டன்காரி

ஓதத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே அண்ணா. சட்டத்தின் அட்டவணையில் யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று பிரித்தே எழுதியிருக்கிறார்கள். கட்டட அமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், கதவுப் பூட்டு, கண்ணாடி நம் பொறுப்பு. கீசர் பழுதும் நம் தலையில்தான், மலையில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வெளிச்சுவர் வழியாக மழை இறங்கினால் அது நீங்கள் செய்த சேதம் கிடையாது. கட்டிலை நகர்த்தி, தேதியோடு இப்போதே படம் எடுத்து வையுங்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது. நியாயமான பிடித்தம் போக மீதியைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் தந்துவிட வேண்டும்.

கொடைக்கானல் செக்ரட்டரி

அந்தக் கட்டடத்துக்கு என்ன வயது? ரெராவில், அதாவது வீடு கட்டி விற்பவர்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்தில், பதிவான திட்டமாக இருந்து, சாவி கொடுத்து 5 வருடத்துக்குள் இப்படிக் கசிந்தால், புகார் கொடுத்த 30 நாளில் கட்டியவரே இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது 8 வீட்டுக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம். இதை உங்கள் வீட்டுக்காரர் காதிலும் அசோசியேஷன் காதிலும் போடுங்கள். இருவருக்கும் ஆதாயம் உள்ள விஷயம்.

குன்னூர்க் குடித்தனக்காரன்

எல்லோருக்கும் நன்றி. விவரங்களை இணையத்தில் தாக்கல் செய்துவிட்டு, மனுவையும் கொடுத்துவிட்டேன். அதன் நகலோடு அசோசியேஷன் தலைவரைப் பார்த்தேன். மெயின்டனன்ஸ் வாடகையில் அடக்கம் என்ற வரியைப் படித்துவிட்டு, "இது எங்களுக்குத் தெரியாதே" என்றார். சாயங்காலமே ஆள் வந்து வால்வைத் திறந்துவிட்டார். பாக்கிக்கு வீட்டுக்காரருக்கே நோட்டீஸ் அனுப்பப் போகிறார்களாம். தண்ணீர் வந்துவிட்டதால் மனுவைத் திரும்பப் பெறலாமா?

கோத்தகிரி பெரியவர்

வேண்டாம் தம்பி. மறுபடி மூடக் கூடாது என்று உத்தரவு கையில் கிடைக்கும்வரை நடத்துங்கள். கொடுத்த மனுவின் நகலில் அலுவலக சீலும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நாளைக்கே போய் வாங்கிவிடுங்கள்.