தானப் போர்வைக்கான குரோஷே துண்டுகள்: டிசைன் மாறினாலும் அளவு மாறாமல் இருக்க என்ன வழி?

நித்யா_நூல்:
எங்கள் குழுவில் ஆளுக்குச் சில துண்டுகள் போட்டு, எல்லாவற்றையும் இணைத்துப் போர்வையாக ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுக்கிறோம். ஒரு துண்டு 7 x 9 அங்குலம். வெறும் சிங்கிள் குரோஷே (குட்டையான அடிப்படை ஸ்டிட்ச்) போட்டால் அளவு சரியாக வருகிறது. எனக்குத் தொட்டால் மேடு பள்ளம் தெரிகிற டிசைன்கள்தான் பிடிக்கும்: கூடைப் பின்னல், வாஃபிள் (கட்டம் கட்டமாகப் பள்ளம் விழுவது), பாபிள் (குமிழ்போல எழும்புவது). தொடக்கத்தில் அதே எண்ணிக்கையில் செயின் (சங்கிலி ஸ்டிட்ச்) போட்டாலும் ஒவ்வொன்றும் ஒரு அகலம் வருகிறது. ஏன்? எப்படிச் சமாளிப்பது?

சாந்தி_கே:
கூடைப் பின்னலுக்கு மட்டும் ஊசியை ஒரு சைஸ் கூட்டிப் பாருங்கள். 5 மி.மீ. என்றால் 5.5. எனக்கு அதிலேயே சரியாகிவிடும்.

வசந்தா_அம்மா:
நித்யா, நான் துண்டு போடுகிறவள் மட்டுமில்லை, வந்து சேர்வதை இணைக்கிறவளும்கூட. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஏன் என்பது. கூடைப் பின்னலிலும் வாஃபிளிலும் ஊசியை ஸ்டிட்சின் தலையில் விடாமல் அதன் தண்டைச் சுற்றி விடுகிறோம். தண்டு முன்னால் இழுபடும்போது துணி மடிப்பு வைத்ததுபோலச் சுருங்கும், வரிசையின் உயரமும் குறையும். பாபிள் நேர் எதிர். ஒரே ஸ்டிட்சில் ஐந்து டபுள் குரோஷேயை (சிங்கிளைவிட உயரமான ஸ்டிட்ச்) திணிப்பதால், நெருக்கமாகப் போட்டால் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு விரியும். இரண்டு பாபிளுக்கு நடுவில் மூன்று சிங்கிளாவது விடுங்கள். அடுத்த பாபிள் வரிசையில் இடம் மாற்றிப் போடுங்கள். பாபிள் எப்போதும் பின்பக்க வரிசையில்தான்; அப்போதுதான் முன்பக்கம் நன்றாகத் துருத்தி நிற்கும்.

அதனால் செயின் எண்ணிக்கையை நம்பாதீர்கள், அங்குலத்தை நம்புங்கள். நான்கைந்து வரிசை முடிந்ததும் மேஜைமேல் விரித்து, இழுக்காமல் அளந்து பாருங்கள். குறைந்தால் அங்கேயே பிரித்துவிட்டு, அந்த டிசைன் ஒரு முறை திரும்ப வர எத்தனை செயின் வேண்டுமோ அத்தனை கூட்டுங்கள். வாஃபிளுக்கு மூன்று மூன்றாகக் கூடும்.

இனி நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிற விஷயம். நடுவில் எந்த டிசைன் வேண்டுமானாலும் போடுங்கள். ஓரம் மட்டும் சமமாக, எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையாக இருக்கட்டும். உள் துண்டை 6½ x 8½ அங்குலத்தில் நிறுத்தி, சுற்றிலும் ஒரு வரிசை சிங்கிள் குரோஷே: நடுத்தரத் தடிமன் நூலில் 7 அங்குலப் பக்கத்துக்கு 24, 9 அங்குலப் பக்கத்துக்கு 31, மூலைக்கு மூன்று. உங்கள் கை இறுக்கமென்றால் குழுவாகப் பேசி வேறு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லோரும் அதே எண். அப்போது இணைக்கிறவர் ஸ்டிட்சுக்கு ஸ்டிட்ச் கோத்துக்கொண்டே போகலாம். ஒரு பக்கம் 22, எதிர்ப்பக்கம் 27 என்று வந்தால் தையல் எங்கேயோ சுருங்கும், கழுவிய பிறகு அந்த இடம்தான் முதலில் விட்டுப்போகும். முடிச்சிட்டதும் நூலை ஒட்ட வெட்டாமல் ஒரு முழம் விட்டுவையுங்கள், இணைக்க உதவும்.

உங்கள் 7 x 9 நல்ல அளவு. 1991-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஈவி ரோசன் தொடங்கிய வார்ம் அப் அமெரிக்கா என்ற தானப் போர்வை அமைப்பின் அளவும் அதுதான். குறுக்கே 7, நெடுக்கே 7 என்று 49 துண்டு சேர்ந்தால் 49 x 63 அங்குலப் போர்வை. தென்னாப்பிரிக்கக் குழந்தைகளுக்காக நடக்கும் நிட்-எ-ஸ்கொயரில் 20 செ.மீ. சதுரம், போர்வைக்கு 35. யாருக்கு அனுப்புகிறீர்களோ அவர்களுடைய அளவைக் கேட்டுவிட்டு ஊசியை எடுங்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. நான் சொல்வதெல்லாம் அமெரிக்க முறைப் பெயர்கள். பிரிட்டன் பேட்டர்னில் டபுள் என்றிருந்தால் அது இங்கே சிங்கிள்.

நித்யா_நூல்:
ரொம்ப நன்றி அம்மா. இரண்டு சந்தேகம். அளவு சரியாக வர அயர்ன் பண்ணலாமா? கைக்குழந்தைகளுக்குப் போகிற போர்வையில் பாபிள் போடலாமா?

வசந்தா_அம்மா:
அக்ரிலிக் நூலில் அயர்ன் பெட்டி படவே கூடாது. சூட்டில் இழை தளர்ந்து, நீங்கள் பாடுபட்டு எழுப்பிய மேடெல்லாம் படுத்துவிடும், திரும்ப எழாது. ஈரப்படுத்தி, அளவுக்கு விரித்துக் குண்டூசி குத்தி, தானாகக் காயவிடுங்கள். அசல் கம்பளி நூலையும் அக்ரிலிக்கையும் ஒரே போர்வையில் கலக்காதீர்கள். போகிற இடத்தில் மெஷினில் வெந்நீரில் போட்டால் கம்பளித் துண்டு மட்டும் சுருங்கிப் பக்கத்துத் துண்டுகளையும் இழுக்கும்.

கைக்குழந்தைக்கு நான் பாபிள் போடமாட்டேன். விரல் நுழைகிற இடைவெளியும் வேண்டாம், இழுத்தால் கையோடு வருகிற குமிழும் வேண்டாம். அவர்களுக்கு ஒரு சிங்கிள், ஒரு டபுள் என்று மாற்றி மாற்றிப் போட்டு, அடுத்த வரிசையில் சிங்கிள் மேல் டபுள், டபுள் மேல் சிங்கிள் போடுங்கள். சின்னச் சின்னப் பொரிபோல மேற்பரப்பு வரும், ஓட்டை இருக்காது, அகலமும் அதிகம் சுருங்காது.

பாபிளையும் கூடைப் பின்னலையும் முதியோருக்குக் கொடுங்கள். ஞாபகம் மங்கிப்போனவர்களின் கை சும்மா இருக்காது, எதையாவது தடவிக்கொண்டே இருக்கும். பார்வை இல்லாதவர்களுக்கும் அப்படித்தான்: நிறம் தெரியாது, ஆனால் ஒவ்வொரு துண்டையும் விரலால் பிரித்து அறிய முடியும். இதற்காகத்தான் நூல் கூடுதலாகத் தின்றாலும் மேடு பள்ள டிசைன்களை விடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

சாந்தி_கே:
நூல் நிஜமாகவே கூடத் தின்னும். முதல் துண்டு முடிந்ததும் எடை போட்டுப் பார்த்துவிட்டு, மிச்ச உருண்டை அடுத்ததுக்குப் போதுமா என்று முடிவு பண்ணுங்கள். பாதியில் தீர்ந்தால் வேறு நிறத்தை ஓரத்தில் மட்டும் போடலாம், பார்க்கவும் நன்றாகவே இருக்கும்.

நித்யா_நூல்:
சரி. 24-31 ஓரத்தைக் குழுவில் சொல்லிவிட்டேன், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வாஃபிளை மூன்று செயின் கூட்டி மறுபடி ஆரம்பித்திருக்கிறேன், ஐந்தாவது வரிசையில் 6½ காட்டுகிறது.