இ39 எம்5: பெற்றோரைப் பின்னிருக்கையில் அமர்த்தி நெடுந்தூரம் ஓட்டத் தக்க காரா?

எசன் வாசி

வணக்கம். 1998 முதல் 2003 வரை ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஆலையில் உருவான, 5 வரிசைக் காரின் வேக வடிவமான பிஎம்டபிள்யூ எம்5, அதாவது இ39 தலைமுறைக் கார், ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். 4.9 லிட்டர் வி8 எஞ்சின், 400 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல் ஆகிய விவரங்களைப் படித்துவிட்டேன். என் கவலை வேறு. வார நாள்களில் வேலைக்குச் செல்வதற்கும், விடுமுறையில் வயதான பெற்றோரை மியூனிக் வரை அழைத்துச் செல்வதற்கும் இந்த ஒரே கார்தான் இருக்கும். அப்பாவுக்கு இடுப்புவலி உண்டு. வேகத்துக்காக இறுக்கப்பட்ட சஸ்பென்ஷன் அவரை வருத்துமா? வி8 மாதிரிகளின் ஸ்டீயரிங்கைப் பலரும் குறை சொல்கிறார்களே, அது நாள்தோறும் உறுத்துமா? வெளித்தோற்றத்தில் இது சாதாரண 5 வரிசைக் காரைப் போலவே இருப்பதாக வீட்டில் சொல்கிறார்கள். அதைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

நாலாம் கியர்

முதலில் அப்பாவின் இடுப்பைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் இந்தக் காரின் உண்மையான பெருமை அங்கேதான் இருக்கிறது. முந்தைய எம்5 கார்களைப் போல் பிஎம்டபிள்யூவின் வேகக் கார்ப் பிரிவான எம் பிரிவின் பட்டறையில் தனியாகக் கோக்கப்படாமல், மற்ற 5 வரிசைக் கார்கள் நகர்ந்த அதே உற்பத்தித் தடத்தில் உருவானது இது. அலுமினியம் மிகுந்த அதன் சஸ்பென்ஷன், முதலில் ஒரு குடும்பக் காருக்காக வடிவமைக்கப்பட்டு, பிறகே எம்5க்காக இறுக்கப்பட்டது. ஆகவே ஆட்டோபான் நெடுஞ்சாலையில் மணிக்கு 160, 180 கிலோமீட்டர் என்று செல்லும்போது பின்னிருக்கையில் இருப்பவர் பேச்சை நிறுத்த வேண்டியதில்லை. கருங்கல் பாவிய பழைய நகரத் தெருக்களிலும் பாலங்களின் இணைப்புகளிலும் மட்டும் 18 அங்குலச் சக்கரங்களும் தட்டையான டயர்களும் தங்கள் இருப்பை உணர்த்தும். பின்னால் கால் நீட்டும் இடம் இன்றைய 5 வரிசையை விடக் குறைவு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை, 400 என்ற எண்ணை விட நிமிடத்துக்கு 3800 சுழற்சியில் கிடைக்கும் 500 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்குவிசைதான் உங்களுக்குப் பயன்படும். டர்போ கிடையாது; எட்டு சிலிண்டர்களுக்கும் காற்று வரத்தைக் கட்டுப்படுத்தும் தனித்தனி திராட்டில் உண்டு. அதனால் மிதியை அழுத்திய கணத்திலேயே, அழுத்திய அளவுக்கே கார் பதில் தருகிறது. ஆறாம் கியரில் அமைதியாகச் செல்பவர், லாரியை முந்துவதற்குக் கியரைக் குறைக்கவும் தேவையில்லை. 2024இல் அறிமுகமான புதிய எம்5 727 குதிரைத்திறன் கொண்டது. ஆனால் எடை 2.4 டன்னைத் தாண்டுகிறது. இ39 ஏறக்குறைய 1.8 டன்தான். அந்த வேறுபாட்டை பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் உடல் உணர்கிறது.

ஸ்டீயரிங் மீதான குறை நியாயமானதே. ஆறு சிலிண்டர் இ39இல் பல்சக்கரம் பல்சட்டத்தை நேரடியாக நகர்த்தும் ரேக் அண்ட் பினியன் அமைப்பு உண்டு. அகன்ற வி8 எஞ்சினுக்கு இடம் விட வேண்டியிருந்ததால், வி8 மாதிரிகளுக்குப் குண்டுகள் வழியே விசையைக் கடத்தும் பழைய ஸ்டீயரிங் பாக்ஸ் முறையே தரப்பட்டது. நேராகச் செல்லும்போது நடுப்பகுதியில் ஒரு மந்தம் தெரியும். ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் ஸ்டீயரிங் சக்கரம் கனக்கிறதே தவிர, அந்த மந்தம் நீங்குவதில்லை. இதுதான் இந்தக் காரின் ஒரே உண்மையான குறை என்பது என் உறுதியான கருத்து.

வெள்ளிச் சாம்பல்

தோற்றம் பற்றி. இ39இன் வெளிவடிவம் ஜோஜி நாகஷிமாவுடையது. எம்5க்கென்று சேர்க்கப்பட்டவை மிகச் சில: ஆழமான முன்பம்பர், நீள்வட்டப் பக்கக் கண்ணாடிகள், கருமை தோய்ந்த குரோம் நிறச் சக்கரங்கள், பின்னால் நான்கு புகைக்குழாய்கள். உங்கள் வீட்டார் குறையாகச் சொல்வதை நான் நிறையாகவே பார்க்கிறேன். இரைச்சலிடும் இறக்கைகளும் போலிக் காற்றுத் துளைகளும் இல்லாததால்தான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கோடுகள் பழசாகவில்லை. 2000ஆம் ஆண்டின் இறுதியில் வந்த மாற்றத்தில் முன்விளக்குகளுக்கு ஒளிவளையங்கள் சேர்ந்தன. அவை அழகானவையே, ஆனால் அவற்றுக்காக மட்டும் அதிக விலை கொடுக்காதீர்கள்.

எண்ணெய்க்கறை

மேலே சொன்ன சொகுசெல்லாம் புதிதாக இருந்த காருக்கு உரியது. இப்போது சந்தையில் இருப்பவை இருபது ஆண்டுகளைக் கடந்தவை. ஷாக் அப்சார்பர்களும் ரப்பர் புஷ்களும் தேய்ந்திருந்தால் அப்பாவுக்கு வலிக்கும்; அதைச் சஸ்பென்ஷன் வடிவமைப்பின் மேல் போடக் கூடாது. ஸ்டீயரிங் இணைப்புகளில் தேய்மானம் இருந்தால், இயல்பான மந்தம் இரட்டிப்பாகிவிடும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்ப்பது கட்டாயம். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் வேனோஸ் பகுதியிலிருந்து கடகடவென்ற ஓசை வருகிறதா, அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கவனியுங்கள். டைமிங் செயின் வழிகாட்டிகள் மாற்றப்பட்டதற்கு ரசீது இருந்தால் அந்தக் காருக்குக் கூடுதல் விலை தரலாம், ஏனெனில் அது எஞ்சினின் முன்பக்கத்தையே பிரிக்கும் வேலை. சுழற்சி வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரைச் சுற்றியுள்ள எச்சரிக்கை விளக்குகள் எண்ணெய் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணைந்து, அனுமதிக்கப்பட்ட சுழற்சி வரம்பை உயர்த்திக் காட்டும். அவை அணைவதற்கு முன் எஞ்சினை விரட்டும் உரிமையாளரிடமிருந்து வாங்காதீர்கள்; சோதனை ஓட்டத்தில் அவரையே முதலில் ஓட்டச் சொன்னால் இது தெரிந்துவிடும்.

எசன் வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 1999ஆம் ஆண்டுக் கார் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. தொடக்க கால மாதிரி என்பதற்காகத் தவிர்க்க வேண்டுமா?

எண்ணெய்க்கறை

தவிர்க்க வேண்டியதில்லை. தொடக்கக் கார்கள் எண்ணெயைச் சற்று அதிகம் குடிக்கும். பிஸ்டன் வளையங்கள் பின்னர் மாற்றப்பட்டதற்கு அதுவே காரணம். விற்பவர் எவ்வளவு இடைவெளியில் எண்ணெய் ஊற்றுகிறார் என்று கேளுங்கள். பராமரிப்புப் பதிவுகள் முழுமையாக இருந்தால், பதிவுகளற்ற 2002 மாதிரியை விட அதையே நான் எடுப்பேன். முதல் பதிவுக்கு 30 ஆண்டுகள் ஆனதும், நல்ல அசல் நிலையில் இருந்தால், ஜெர்மனியில் பழம்பெரும் கார்களுக்கான எச் எண்பலகைக்கும் அது விண்ணப்பிக்கத் தகுதி பெறும். ஆகையால் அசல் சக்கரங்களும் புகைக்குழாய்களும் காரோடு வருகின்றனவா என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.