வட்டி ஏறுகிறது, கில்ட் ஃபண்டு இறங்குகிறது: எடுத்துவிடலாமா?

தேவகோட்டைக்காரன், ஜூன் 2022:
அப்பச்சியின் ஓய்வுப் பணம் 8 லட்சத்தைப் போன வருடம் கில்ட் ஃபண்டில் போட்டேன். அரசாங்கப் பத்திரம்தானே, குறையாது என்று நம்பினேன். இப்போது 7.70 லட்சம் காட்டுகிறது. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி ஏப்ரலில் 4% இருந்தது, 4.90% ஆகிவிட்டது. வீட்டு வளவில் (முற்றப் பகுதியில்) ஓடு மாற்ற அடுத்த ஆடிக்குள் 3 லட்சம் வேண்டும். அப்பச்சியிடம் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை.

காரைக்குடி ஆச்சி:
தம்பி, பதறாதீங்க. ஃபண்டின் மாதாந்திர அறிக்கையில் மாடிஃபைட் டியூரேஷன் பாருங்கள். அது 6 என்றால், சந்தை வட்டி 1% ஏறும்போது மதிப்பு ஏறக்குறைய 6% இறங்கும். புதுப் பத்திரம் கூடுதல் வட்டி தரும்போது பழையதை யார் முழு விலைக்கு வாங்குவார்கள்? ஓட்டுக்கான 3 லட்சத்தை மட்டும் மிகக் குறுகிய காலப் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டுக்கு மாற்றுங்கள். மீதியை ஐந்தாறு வருடம் தொடாமல் இருக்க முடியுமா?

தேவகோட்டைக்காரன்:
முடியும் ஆச்சி. டியூரேஷன் 5.8 போட்டிருக்கிறது.

பள்ளத்தூர் அண்ணன்:
அப்போ மீதி இருக்கட்டும். ஃபண்டுக்கு வரும் வட்டியும் முதிர்கிற பணமும் இனிக் கூடுதலான புது வட்டிக்குப் போகும்; இறக்கம் மெல்ல ஈடாகும். அப்பச்சியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அந்தக் காலத்தில் ரங்கூன் கோயிலில் கூடி மாதாமாதம் நடப்பு வட்டி நிர்ணயித்த நகரத்தார் வழியில் வந்தவர்களுக்கு வட்டி ஏறி இறங்குவது புரியும்.