‘லாஃபபிள்’ என்று எழுதிவிட்டேன்: நம்மைச் சிரிக்க வைப்பவரை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

பிறை_ஸ்டோர் (திங்கள் இரவு)

வணக்கம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள் சனிக்கிழமைக்குள் உதவ வேண்டும்.

பினாங்கில், பிறை தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் 11 வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் சூப்பர்வைசர் சீனர். 60 வயதாகி இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். வேலை கற்றுக்கொடுத்தவர் அவர்தான். என் அப்பா இறந்தபோது பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்து இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அவர் பேசினால் சிரிக்காமல் இருக்க முடியாது, ஆனால் அவர் சிரிக்க மாட்டார். ஒருநாள் ஃபோர்க்லிஃப்ட்டின் ஹாரன் சிக்கிக்கொண்டு விடாமல் அலறியது. வயரைத் தேடி ஆளாளுக்கு ஓடிக்கொண்டிருந்தோம். இவர் மெதுவாக நடந்து வந்து, தன் நாசி லெமாக் பொட்டலத்தை ஃபோர்க்லிஃப்ட் சீட்டில் வைத்து, “சரி சரி, சாப்பிடு, கத்தாதே” என்று மலாயில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். முகத்தில் ஒரு அசைவு இல்லை. அன்று மதியம் வரை யாராலும் வேலை பார்க்க முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை எல்லோரும் ஒரு வாழ்த்து அட்டையில் எழுதினோம். என் பங்குக்கு, ‘உங்கள் ரிடிக்குலஸ் ஜோக்குகளுக்கு நன்றி, நான் பார்த்ததிலேயே நீங்கள்தான் மோஸ்ட் லாஃபபிள் மனிதர்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். லவபிள் என்றால் அன்புக்குரியவர். அப்படியென்றால் லாஃபபிள் சிரிப்புக்குரியவர்தானே என்று நினைத்தேன். அவர் படித்தார். அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ‘தேங்க் யூ’ என்று மட்டும் சொன்னார். அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்தான் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அது அவமதிக்கிற சொல் என்றாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

சனிக்கிழமை விருந்தில் இரண்டு நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம், எதைத் தொடவே கூடாது?

---

செந்தூல்_டீச்சர் (திங்கள் இரவு)

தம்பி, நீங்கள் யோசித்த விதத்தில் தப்பில்லை. லவபிள், என்ஜாயபிள் எல்லாம் நல்ல பொருளில் வரும்போது லாஃபபிள் மட்டும் எதிர்ப்பக்கம் போகிறது. 30 வருடம் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தேன். இந்த ஒரு சொல்லில் மாணவர்கள் தடுக்கி விழாத வருடமே கிடையாது.

தமிழிலேயே இதற்கு வழி இருக்கிறது. ‘நகைச்சுவையாகப் பேசினார்’ என்றால் பாராட்டு. ‘அவர் பேச்சு நகைப்புக்கிடமாக இருந்தது’ என்றால்? அடி விழும். இரண்டிலும் நகைதான் இருக்கிறது. லாஃபபிள், ரிடிக்குலஸ், லூடிக்ரஸ் மூன்றும் நகைப்புக்கிடமானவை என்ற வீட்டைச் சேர்ந்தவை. ஊர் சிரிக்கும், சந்தி சிரிக்கும் என்கிறோமே, அந்தச் சிரிப்பு.

ரிடிக்குலஸ் என்பதன் வேர் லத்தீனில் ‘சிரிப்பது’. ஆனால் இன்று அதில் சிரிப்பு அநேகமாக மிச்சமில்லை. ஒரு தோசைக்கு 15 ரிங்கிட் கேட்டால் ‘ரிடிக்குலஸ்’ என்பார்கள், யாரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை. நண்பர்களுக்குள் செல்லமாகச் சொல்வது உண்டு, ஆனால் அதற்குக் குரல் வேண்டும். அட்டையில் குரல் கேட்காது. லூடிக்ரஸ் அதைவிடக் கடுமை. அதன் வேர் ‘விளையாட்டு’. முன்பு விளையாட்டுத்தனமான என்றுதான் பொருள். சொற்கள் இப்படி வழிமாறிப் போகும். அதனால் அகராதியில் ஒரு வரி பார்த்து எடுக்கக் கூடாது, எந்த வாக்கியத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இனி உங்களுக்கு வேண்டியவை. விட்டி என்பது பெரிய பாராட்டு. ‘அறிவது’ என்ற பழைய ஆங்கில வேரிலிருந்து வந்தது. மூளையும் நாக்கும் சேர்ந்து வேகமாக வேலை செய்தால்தான் விட்டி. பினாங்கு பொட்டானிக்கல் கார்டனில் குரங்கு உங்கள் ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய் மரத்தில் உட்கார்ந்து உங்களையே பார்த்தால் அது ஃபன்னி, காமிக்கல். விட்டி ஆகாது. காமிக்கல் பெரும்பாலும் தோற்றத்துக்கும் அசைவுக்கும் வரும். பெரியவர் ஒருவரை நேரில் காமிக்கல் என்றால் அவர் உருவத்தைச் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார், வேண்டாம்.

ஹிலேரியஸ் என்றால் வயிறு வலிக்கச் சிரிப்பது. பழைய பொருள் வெறும் ‘மகிழ்ச்சியான’ என்பதுதான். அந்த ஃபோர்க்லிஃப்ட் கதைக்குத் தாராளமாகச் சொல்லலாம். அம்யூசிங் புன்னகை அளவுக்குத்தான். அவர் கதைகளை அம்யூசிங் என்றால் அரை மதிப்பெண் போட்ட மாதிரி ஆகிவிடும்.

ஹியூமரஸ் தப்பில்லை, கொஞ்சம் புத்தக வாடை. (இதன் மூலம் எனக்குப் பிடிக்கும்: ஹியூமர் முதலில் உடம்பில் ஓடும் திரவம். இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கறுப்புப் பித்தம் என நான்கும் சேர்ந்து ஒருவர் குணத்தைத் தீர்மானிக்கும் என்று ஐரோப்பிய வைத்தியத்தில் நம்பினார்கள். நம் சித்த வைத்தியர் வாதம், பித்தம், கபம் என்று நாடி பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.)

கடைசியாக, உங்கள் சூப்பர்வைசருக்கென்றே ஒரு சொல் இருக்கிறது: டெட்பேன். ‘பேன்’ அமெரிக்கப் பேச்சுவழக்கில் முகம். முகம் அசையாமல் அடுத்தவரைச் சிரிக்க வைப்பது. ஊமைப்பட நடிகர் பஸ்டர் கீட்டன் இதற்கே பேர் போனவர், ‘பெரிய கல்முகம்’ என்றே அவரைச் சொன்னார்கள். ‘டெட்பேன் ஹியூமர்’ என்று சொல்லுங்கள்.

ஆனால் மேடை வரை காத்திருக்காதீர்கள். நாளைக் காலையிலேயே போய்ப் பேசுங்கள். ஆங்கிலத்தில் வேண்டாம், நீங்கள் இருவரும் தினமும் பேசும் மலாயில் பேசுங்கள்.

---

வார்டு_அக்கா (செவ்வாய் காலை)

டீச்சர் ஃபன்னியைப் பற்றி விரிவாகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கோலாலம்பூரில் தாதியர் பயிற்சியில் இருந்தபோது ஒரு வெள்ளைக்காரத் தாத்தா ‘ஐ ஃபீல் ஃபன்னி’ என்றார். நான் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன். அவருக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. மூத்த தாதி ஓடிவந்து பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தும்.

ஃபன்னிக்கு ‘ஒரு மாதிரியாக’ என்றும் பொருள். ‘மீன் ஃபன்னியாக மணக்கிறது’ என்றால் கெட்டுப்போயிருக்கலாம். ‘ஹி இஸ் எ பிட் ஃபன்னி’ என்றால் ஆள் ஒரு மாதிரி. ஆனால் ‘ஃபன்னியஸ்ட் மேன்’ என்று சொன்னால் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள் தம்பி.

---

புக்கிட்_வாத்தியார் (செவ்வாய் மதியம்)

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் (மனத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படும் வகைகளில்) நகையைத்தான் முதலில் வைக்கிறது. அது பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைச் சொல்கிறது. டீச்சர் ஒதுக்கச் சொன்ன சொற்களெல்லாம் எள்ளல் பக்கம் நிற்பவை என்று எனக்குப் படுகிறது. ஒருவரைப் பார்த்து எள்ளிச் சிரிப்பதையும் ஒரு குழந்தையின் மழலைக்குச் சிரிப்பதையும் நம் ஆட்கள் அன்றே பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலச் சொல் கையில் வரும்போது ‘இதில் எள்ளல் உண்டா?’ என்று கேட்டுப் பாருங்கள். என் மாணவர்களுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

---

ஈப்போ_ரோடு (செவ்வாய் மாலை)

ஒன்றே ஒன்று. ‘வெரி ஹிலேரியஸ்’ என்று சொல்லிவிடாதீர்கள், அண்ணே. ஹிலேரியஸுக்குள்ளேயே வெரி இருக்கிறது. அழுத்தம் வேண்டுமென்றால் ‘அப்சல்யூட்லி ஹிலேரியஸ்’.

---

பிறை_ஸ்டோர் (புதன் இரவு)

டீச்சர், அக்கா, எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஏழு மணிக்கு, ஆட்கள் வருவதற்கு முன்பே போய்விட்டேன். ‘சாயா சாலா தூலிஸ்’ என்றேன், நான் தப்பாக எழுதிவிட்டேன் என்று. ‘கெலாக்கார்’ (மலாயில் வேடிக்கையானவர்) என்று எழுத நினைத்தேன், ஆங்கிலத்தில் வேறு சொல் விழுந்துவிட்டது என்று விளக்கினேன். பாதியிலேயே எனக்குக் குரல் அடைத்துவிட்டது.

அவர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார். அதே சட்டைப்பை. “தப்பா? வீட்டில் மனைவியிடம் காட்டினேனே. 35 வருடத்தில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாக எழுதியதில்லை என்றாளே” என்றார். முகம் அப்படியே இருந்தது. அப்புறம் பேனாவை நீட்டினார். லாஃபபிளை அடித்துவிட்டு ‘ஃபன்னியஸ்ட்’ என்று எழுதினேன். ரிடிக்குலஸையும் அடிக்கப் போனேன், கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அது இருக்கட்டும் என்றார்.

சனிக்கிழமைக்கு நாசி லெமாக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். டெட்பேன் வரும், விட்டி வரும், ஹிலேரியஸ் ஒரே ஒரு தடவை, வெரி இல்லாமல். டீச்சர், டெட்பேனில் அழுத்தம் முதல் அசையிலா இரண்டாவதிலா? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

---

செந்தூல்_டீச்சர் (புதன் இரவு)

முதல் அசையில், தம்பி. டெட்-பேன்.