ஹூஇஸ்: தமிழில் ‘யாரது’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். ஓர் இணையப் பெயரை (டொமைன்) யார், எப்போது பதிந்தார் என்று கேட்டறியும் கட்டளைதான் ஹூஇஸ் (WHOIS). அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் ஒருவர் எழுதியது:

> ஹூஇஸ் என்றால் ‘யார் அது’ தானே? ‘யாரது’ என்றே வைத்துவிடலாம். சின்னச் சொல், சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

படித்ததும் எனக்கும் பிடித்தது. கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து வரும் குரல் மாதிரி இருக்கிறது. ஆனால் நேற்று பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டிப் பார்த்தபின் மனம் மாறிவிட்டது. (டொமைனுக்குக் ‘களம்’ என்றே எழுதுகிறேன். அந்தப் பழைய சண்டையை இப்போது கிளப்ப வேண்டாம்.)

நிரலில் வித்தை ஏதுமில்லை. வழங்கியின் (சர்வர்) 43ஆம் துறையில் (போர்ட்) டிசிபி இணைப்பைத் திறந்து, களப்பெயரை ஒரே வரியாக அனுப்ப வேண்டும். வழங்கி தன்னிடம் உள்ளதைக் கொட்டிவிட்டு இணைப்பை மூடிக்கொள்ளும். 1982இல் ஆர்எஃப்சி 812 என்ற இணைய நெறிமுறை ஆவணம் சொன்ன இந்த முறைதான் 2004இல் வந்த ஆர்எஃப்சி 3912இலும் இருக்கிறது. நான் வரிமுடிவுக் குறிகளைச் சேர்க்க மறந்துவிட்டேன். வரி முடியட்டும் என்று வழங்கி காத்திருந்தது. பதில் வரட்டும் என்று நான் காத்திருந்தேன். நல்ல பொறுமைசாலிகள், இருவரும்.

அதைத் திருத்தி ஒரு டாட் காம் பெயரைக் கேட்டேன். டாட் காம் போன்ற முடிவுகளின் பட்டியலை வைத்திருக்கும் ஐயானாவின் வழங்கி, காம் பெயர்களை வைத்திருக்கும் வெரிசைனிடம் போகச் சொன்னது. வெரிசைன் பதிந்த நாள், காலாவதி நாள், பெயர் வழங்கிகள் (நேம் சர்வர்) எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, மீதியை விற்றவரிடம் கேட்கச் சொல்லி இன்னொரு முகவரியைத் தந்தது. அங்கே போனால், உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘தனியுரிமைக்காக மறைக்கப்பட்டது’ என்ற பொருளில் ஒரு வரி. ஐரோப்பியத் தரவுக் காப்பு விதிகள் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து பெரும்பாலும் இதே கதைதான். ‘யாரது’ என்று கேட்டால், யார் என்பதைத் தவிர மற்றதெல்லாம் வருகிறது.

ஆகவே என் பரிந்துரை ‘பதிவு வினவல்’. கையில் கிடைப்பது ஆள் அல்ல, பதிவு. வினைச்சொல்லாக்கினாலும் இடறவில்லை: ‘அந்தக் களத்தின் பதிவை வினவிப் பார்’. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்பதால் செயற்கூற்றுக்கு (ஃபங்ஷன்) ‘பதிவு_வினவு’ என்றே பெயர் வைத்தேன். முணுமுணுக்காமல் ஓடியது.

இதோடு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மேலே வந்த மூன்று தரப்பைப் பாருங்கள். காம் பெயர்கள் மொத்தத்தையும் வைத்திருக்கும் இடம், அதிலிருந்து பெயரை விற்பவர், வாங்கியவர். இந்த மூவருக்கும் நம் கட்டுரைகளில் மாற்றி மாற்றி ‘பதிவாளர்’ என்றே வருகிறது. பதிவாளர் என்றதும் ஒருவருக்குப் பெயரைப் பதிந்தவர் நினைவுக்கு வருகிறார், இன்னொருவருக்கு அரசு அலுவலர். அந்தச் சொல்லையே விட்டுவிடலாம் என்பேன். முறையே பதிவகம், பதிவு முகவர், பதிவுதாரர் என்றால் குழப்பம் இல்லை.

*

இதற்கு ஒருவர் எழுப்பிய மறுப்பு:

> பதிவு வினவல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹூஇஸ் ஒரு கட்டளையின் பெயர். பிங், கிரெப் இவற்றையெல்லாம் நாம் மொழிபெயர்ப்பதில்லையே? அதோடு, தரவுத்தளத்துக்கும் வினவல் என்றுதானே சொல்கிறோம்?

நீங்கள் சொல்வது சரி. கட்டளையும் நெறிமுறையும் ஹூஇஸ் என்றே இருக்கட்டும். நான் பெயர் தேடுவது அந்தச் செயலுக்கு. நெறிமுறையின் பெயரையே செயலுக்கும் வைத்தால் என்ன ஆகும் என்பதை இப்போதே பார்க்கிறோம். 2025 ஜனவரி 28 முதல் காம், ஆர்க் போன்ற பொது உயர்நிலைக் களங்களுக்கு ஹூஇஸ் சேவை கட்டாயமில்லை என்று, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அறிவித்துவிட்டது. இனி அதன் இடத்தில் ஆர்டேப் என்ற நெறிமுறைதான்: வலை முகவரி ஒன்றைத் திறந்தால் ஜேசான் என்ற ஒழுங்கான தரவு வடிவில் பதில் வரும். ஒவ்வொரு வழங்கியும் தன் இஷ்டத்துக்கு எழுதிய வரிகளைத் தனி நிரல் எழுதிப் பிரித்தெடுக்கும் பாடு மிச்சம். நெறிமுறை மாறினாலும் செய்வது பதிவு வினவல்தான். பெயரை மாற்ற வேண்டியதில்லை.

தரவுத்தள வினவலோடு குழம்பும் என்பதை நான் ஒப்பவில்லை. முன்னால் ‘பதிவு’ இருக்கிறது, பேச்சு களத்தைப் பற்றியது. அப்புறம், ‘தேடல்’ என்று போட்டால் தேடுபொறியோடு குழம்பும். அது இதைவிட மோசம்.

தமிழ்க் களங்களை வினவுவோர் கவனத்துக்கு: ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்று முடியும் பெயர்களை 43ஆம் துறைக்கு அப்படியே அனுப்பாதீர்கள். அந்த நெறிமுறையில் எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும் வழியே கிடையாது. ஆங்கில எழுத்துகளாலான பியூனிகோடு வடிவுக்கு மாற்றி அனுப்புங்கள்.

வேறு மறுப்பு இல்லையென்றால் நான்கு சொற்களையும் நம் சொல் தொகுப்பில் சேர்த்துவிடுகிறேன். அடுத்தது களத்தின் நிலைக்குறிகள். ஒரு முகவரிடமிருந்து இன்னொருவருக்குப் பெயரை மாற்றவிடாமல் பூட்டி வைப்பதற்கு ‘மாற்றத் தடை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் ‘மாற்றம்’ என்றால் பெயர் வழங்கியை மாற்றுவது என்றும் கொள்ள இடமிருக்கிறது. நல்ல சொல் யாரிடமாவது இருக்கிறதா?