பாட்டி காப்பு: ஒரு கடையில் 88, அடுத்த கடையில் 91. உருக்காமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

காப்புக்காரி:
பாட்டியின் ஒற்றைக் காப்பு, மூன்று பவுன், சரியாக 24 கிராம். ஹால்மார்க் எல்லாம் வருவதற்கு ரொம்ப முந்தைய உருப்படி. முதல் கடையில் காரட் மீட்டரில் (தங்கத்தின் தரம் பார்க்கும் மிஷின்) வைத்ததற்கு நூற்றுக்கு 88.2 பங்கு தங்கம் என்று சீட்டு வந்தது, அதே தெருவில் இன்னொரு கடையில் 91.4. மூன்றாவது கடைக்காரர் மிஷின் பக்கமே போகவில்லை, "உருக்கினாத்தான்மா தெரியும்" என்றார். விற்கப் போவதில்லை, தங்கையோடு பாகம் பிரிக்க மதிப்பு தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

லேப்கோட்டு:
இரண்டு மிஷினும் சரியாகவே சொல்லியிருக்கலாம். அது எக்ஸ்ஆர்எஃப், அதாவது எக்ஸ்ரேயை வைத்துத் தனிமங்களை அளக்கிற முறை. எக்ஸ்ரே பட்டதும் அணுவின் உள்கூட்டிலிருந்து ஒரு எலக்ட்ரான் தெறித்துப் போகும், அந்தக் காலி இடத்துக்கு வெளிக்கூட்டு எலக்ட்ரான் இறங்கும்போது வேறொரு எக்ஸ்ரே கிளம்பும், அதன் ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் வேறு. தங்கத்துக்கு 9.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட், செம்புக்கு 8.05, வெள்ளிக்கு 22 சொச்சம். எது எவ்வளவு வருகிறது என்று எண்ணித்தான் சீட்டு அடிக்கிறது, நகையில் கீறல்கூட விழாது. ஆனால் ஆழத்திலிருந்து வருகிற 9.7-ஐத் தங்கமே விழுங்கிவிடும். அதனால் மேலே பத்து மைக்ரான் சொச்சம்தான் மிஷினுக்குத் தெரியும், அதுவும் ஒரு சின்னப் புள்ளியில். எந்த இடத்தில் வைத்தார்கள்?

காப்புக்காரி:
முதல் கடையில் மூட்டுப் பக்கம். அடுத்ததில் நடுவில்.

பட்டறைப்பையன்:
அப்போ 88 வந்தது பொடி. பற்றவைக்கிற பொடியில் தங்கம் குறைவாகத்தான் இருக்கும், காப்பு உருகுவதற்கு முன்னால் அது உருக வேண்டுமே. இதற்கு நேர்மாறும் உண்டு: ஆசிட்டில் போட்டு எடுத்த நகையில் மேலே இருக்கிற செம்பு கரைந்துபோய் மேல்தோல் மட்டும் நல்ல டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு தங்கம் என்ற கணக்கு) காட்டும். நாலைந்து இடத்தில் வைக்கச் சொல்லுங்கள், உள்பக்கத்திலும்.

சும்மாஒருத்தன்:
எதற்கு மிஷின்? தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள், காப்பை நூலில் கட்டி, அடியில் இடிக்காமல் முழுக்க முக்குங்கள். காட்டுகிற கிராம்தான் அதன் கன அளவு. 24-ஐ அதால் வகுத்தால் 22 காரட்டுக்கு (கிட்டத்தட்ட உங்கள் 91 டச்தான்) 17.6-லிருந்து 18-க்குள் வர வேண்டும், 18 காரட் என்றால் 15, 16 என்று நிற்கும்.

காப்புக்காரி:
செய்தேன். 2.1 காட்டுகிறது!! 11.4 தான் வருகிறது. கிட்டத்தட்ட வெள்ளிக் கணக்கு. இரண்டு தடவை பார்த்துவிட்டேன், வயிற்றைக் கலக்குகிறது.

பட்டறைப்பையன்:
பதறாதீர்கள் அக்கா. காப்பின் உள்பக்கம் ஊசி முனை அளவுக்குத் துளை இருக்கிறதா பாருங்கள். பழைய காப்புகளில் பாதி, உள்ளே வெற்றிடம் விட்ட கூடுதான், நசுங்காமல் இருக்க உள்ளே அரக்கு ஊற்றியிருப்பார்கள்.

லேப்கோட்டு:
கணக்கும் ஒத்துவருகிறது. அரக்கு தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம், அதனால் 0.9 கிராம் அரக்கு இருந்தாலே 2.1 காட்டிவிடும். மிச்சம் 23 கிராம் 91 டச் தங்கம். சும்மாஒருத்தன் சொன்னது கெட்டி உருப்படிக்குச் சரி, இதற்கு ஆகாது. கூட்டின் தங்கத் தகடு பத்து மைக்ரானைவிட எவ்வளவோ தடிமன் என்பதால் மிஷின் சொன்ன 91.4-ஐ அரக்கு கெடுக்காது.

காப்புக்காரி:
மூட்டிலிருந்து ஒரு விரல் தள்ளி துளை இருக்கிறது, உள்ளே கறுப்பாக ஏதோ. தங்கையிடம் 23 கிராம் என்றே சொல்லிவிட்டேன். அந்த ஒரு கிராமுக்கும் சண்டைக்கு வருகிறாள்.